ஒன்பதாம் வகுப்பு வரிசைக்கு மட்டும் கேட்காத மைக்செட்

2025 ஜூன் 2, திங்கட்கிழமை காலை 9.20 மணிக்கு எங்கள் பள்ளி மைக்செட் ஒழுங்காகப் பேசியது. அதற்கு ஒரு வாரமும் 1,845 ரூபாயும் ஆனது. தேவையே இல்லாமல் வாங்கிய ஒரு மைக்கும் நுனி கருகிய ஒரு ஸ்க்ரூ டிரைவரும் தனிக்கணக்கு. வேறு எந்தப் பள்ளியிலாவது யாராவது இதே வேலையில் மாட்டிக்கொண்டிருந்தால் உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் பிளஸ் டூ வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

பள்ளி அணைக்கட்டு தாலுகாவில், ஒடுகத்தூர் பக்கம் இருக்கிறது. மைதானத்தில் நின்றால் ஜவ்வாது மலை தெரியும். மைக்செட் என்றால் எண்பது வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, முதல் மாடிக் கைப்பிடிச் சுவரில் இடது கோடியில் ஒரு குழாய் (கூம்பு ஒலிபெருக்கி), வலது கோடியில் ஒரு குழாய். ஆம்ப்ளிஃபயரை வைத்திருக்கும் மரப்பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயிண்டில் 'வ.ஆ.மா.' என்று எழுதியிருக்கிறது. வடாற்காடு மாவட்டம். 1989-ல் அந்த மாவட்டத்தைப் பிரித்தார்கள், 2019-ல் வேலூரையும் மூன்றாக்கினார்கள். பெட்டிக்கு மட்டும் இன்னும் பழைய விலாசம்தான்.

இந்த வேலையின் தொடக்கம் போன வருஷத் திறப்பு நாளில் இருக்கிறது. 2024-ல் வெயில் காரணமாகப் பள்ளித் திறப்பு ஜூன் 10-க்குத் தள்ளிப்போனதே, அந்த நாள். காலை வணக்கக் கூட்டத்தில் சாதனையாளர் பெயர்களை வாசித்தோம். தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறிய பையன் ஒருவனை மேடைக்குக் கூப்பிட்டால் ஆள் வரவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டோம். அவன் ஒன்பதாம் வகுப்பு வரிசையில், கொடிக்கம்பத்துக்கு நேராக, நடு மைதானத்தில் நின்றுகொண்டிருக்கிறான். 'கூப்பிடறது காதுல விழல?' என்று ஓர் ஆசிரியர் போய்த் தோளைத் தட்டிக் கூட்டிவந்தார். அந்தத் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். எட்டாம் வகுப்பில் எழுதித் தேறிய பையனுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் திட்டு வாங்கிய முகத்தோடுதான் அன்றைக்கு மேடை ஏறினான்.

சத்தம் போதவில்லை என்று முடிவு கட்டினோம். அன்றிலிருந்து வால்யூமை ஏற்றிக்கொண்டே போனோம். 5-ல் இருந்தது 7 ஆனது, 7 என்பது 9 ஆனது. இந்த ஜனவரி 26-ம் தேதி கொடியேற்றும்போது வலது குழாய் ஒரு கரகரப்போடு அடங்கிப்போனது. அதற்குப் பிறகு ஒற்றைக் குழாயில்தான் வண்டி ஓடியது. அதிலும் இரைச்சல்.

மே மாதம் தேர்வு முடிவுகள் வந்தன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலம் 93.80 சதவீதம், வேலூர் 85.44. பட்டியலில் கடைசி. அதற்கு முந்தைய ஆண்டும் 82.07 வாங்கிக் கடைசியில்தான் இருந்தோம். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "சார், கடைசி கடைசின்னு எல்லாப் பேப்பர்லயும் போட்டுட்டாங்க. நம்ம பசங்க பேர நாம வாசிக்கிறதாவது ஒழுங்காக் கேக்கட்டும். ரெண்டாயிரம் வரைக்கும் செலவு பண்ணிக்குங்க" என்றார். புதுசு வாங்கப் பணமில்லை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

மே 26, திங்கள். பெட்டியை ஆய்வகத்துக்குத் தூக்கிவந்து சுவிட்சைப் போட்டேன். 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். மைக்கை ஆட்டினால் பேச்சு விட்டுவிட்டு வருகிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் இரைச்சல் அப்படியே நின்றது. நோட்டில் எழுதியும் வைத்தேன். எழுதிய வரிக்கு என்ன அர்த்தம் என்று அப்போது யோசித்திருந்தால் 650 ரூபாய் மிச்சமாகியிருக்கும். மைக்தான் கெட்டுப்போனது என்று தீர்மானித்து, மறுநாள் பஸ் ஏறி வேலூர் போய், பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாரதி மாளிகைப் பக்கம் புது மைக் வாங்கிவந்தேன். வந்து மாட்டினால் அதே 'ம்ம்ம்', அதே விட்டுவிட்டு வருகிற பேச்சு.

புதன்கிழமை. அன்றோடு கத்திரி முடிகிறது என்று காலண்டரில் இருந்தது, ஆய்வகத்துக்கு அது தெரியாது. மைக் வயரின் முனையில் செருகுவதற்கு இருக்கும் பி-38 பின்னைத் திருகித் திறந்தேன். உள்ளே வலைபோல் சுற்றியிருக்கும் கம்பி மொத்தமும் அறுந்து, ஒரே ஒரு இழை தொட்டும் தொடாமலும் இருந்தது. வயரையும் ஆறு மீட்டர் புதிதாக வாங்கி, இரண்டு பின்னும் மாற்றிப் பற்றவைத்தேன். பற்றவைக்கும்போது ஒன்று கவனியுங்கள்: பின்னின் மூடியை முதலில் வயரில் கோத்துக்கொண்டு அப்புறம் ஈயம் வையுங்கள். நான் முதல் பின்னில் மூடியை மறந்துவிட்டு, பற்றவைத்ததைத் திரும்பப் பிரித்தேன். பேச்சு விட்டுவிட்டு வருவது நின்றது. பழைய மைக்கே நன்றாக வேலை செய்தது. புதியதை அட்டைப்பெட்டியில் போட்டு என் கணக்கில் எழுதிக்கொண்டேன். கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள், அவர்கள் பக்கம் நியாயம்தான்.

இரைச்சல் போகவில்லை. அப்போதுதான் திங்கட்கிழமை நோட்டைப் பார்த்தேன். வால்யூம் பூஜ்யத்திலும் இரைகிறது என்றால் அது மைக் பக்கத்திலிருந்து வரவே முடியாது, பவர் சப்ளையில்தான் கோளாறு. மூடியைக் கழற்றினால், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர் இரண்டும் தலை உப்பி நிற்கின்றன, பூரி மாதிரி. ஒன்றின் அடியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்ற தைரியத்தில் ஸ்க்ரூ டிரைவரை அதன் இரண்டு காலுக்கும் குறுக்கே வைத்தேன். பட்டாசுச் சத்தம். டிரைவரின் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு குழி, சுற்றிலும் கருப்பு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆய்வக உதவியாளர்தான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இந்த மாதிரி யாரும் செய்யாதீர்கள். பழைய குண்டு பல்ப் ஒன்றில் இரண்டு வயர் கட்டி அதன் வழியாகச் சார்ஜை இறக்கவேண்டும், ஒரு நிமிஷம் பொறுத்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வைக்கவேண்டும். வகுப்பில் நானே சொல்லித்தருகிற விஷயம்தான் இது.

கெப்பாசிட்டரில் 4700 மைக்ரோ ஃபாரட் என்பது தெளிவாக இருந்தது, வோல்ட் அழிந்துபோயிருந்தது. மீட்டரில் 46 வோல்ட் காட்டியது. 50 வோல்ட் போதும் என்று வியாழக்கிழமை இரண்டு வாங்கினேன், ஒன்று 75 ரூபாய். கூடவே கெட்டுப்போன குழாய்க்கு ஒரு காயிலும் (உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்பும் கம்பிச் சுற்று) 220 ரூபாய்க்கு. திரும்பும் வழியில் மைக்செட் அண்ணனுக்கு போன் போட்டேன். எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாக்களுக்கெல்லாம் அவர்தான் செட் போடுகிறவர். வைகாசி பிறந்தால் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் தொடங்கி ஊருக்கு ஊர் அம்மன் விழா, அவரைப் பிடிப்பது கஷ்டம். அன்று எடுத்தார்.

"இன்னா சார், எத்தினி வோல்ட்டு வாங்கன?"

"அம்பது, அண்ணே. உள்ள நாப்பத்தாறுதான் வருது."

"பகல்ல நாப்பத்தாறு. ராத்திரில லைன் ஏறிச்சின்னா அம்பதத் தாண்டிப் பூடும். அம்பதுக்கு அம்பத இட்டா வெடிக்காம இன்னா ஆவும்? அறுபத்திமூணு வாங்கு சார்."

பாதி வழியில் இறங்கித் திரும்ப வேலூர் போனேன். 40 ரூபாய் சேர்த்துக் கொடுத்து 63 வோல்ட்டுக்கு மாற்றிக்கொண்டேன். மாட்டும்போது கழித்தல் கோடு எந்தப் பக்கம் என்று மூன்று முறை பார்த்தேன். சுவிட்ச் போட்டதும் அந்த 'ம்ம்ம்' இல்லை. நாலு நாளில் முதல்முறையாக அந்த அறையில் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது.

இனிக் குழாய். வலது குழாயை மாடியிலிருந்து இறக்கவே ஒரு மணி நேரம் ஆனது. கிளாம்ப் நட்டு துருப்பிடித்துச் சுவரோடு ஒட்டிப்போயிருந்தது, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுக் கழற்றினோம். பின்னால் காயிலும் காந்தமும் இருக்கும் யூனிட்டைக் குழாயிலிருந்து திருகி எடுக்கவேண்டும், அது அசையவில்லை. பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கியதில் யூனிட்டின் விளிம்பில் பல் பதிந்ததுதான் மிச்சம். இன்னும் இரண்டு முறுக்கு முறுக்கியிருந்தால் மூடி உடைந்திருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று மைதானத்திலேயே போட்டுவிட்டுப் போனேன். வீட்டிலிருந்து கத்தரிக்காய்க் கொத்சு, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், அதனால் சாப்பாடு கொஞ்சம் நீண்டுவிட்டது. இரண்டு மணிக்குத் திரும்பினால் குழாயைத் தொட முடியவில்லை, அடுப்பில் வைத்த தோசைக்கல் போலக் கொதிக்கிறது. ஈரச் சாக்கால் பிடித்துத் திருப்பினேன். சட்டென்று கழன்றுவந்தது. குழாய் அலுமினியம், வெயிலில் விரிந்து மரை இளகியிருக்கிறது. வேலூர் வெயிலைத் திட்டாமல் இருந்த ஒரே மத்தியானம் அதுதான்.

குழாயின் தொண்டைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, விரல் நீளத்துக்கு நாலு அறை. ஆளில்லாத வீடு. குச்சியால் குத்தி உதிர்த்தோம். இது எவ்வளவு நாளாக அடைத்துக்கொண்டிருந்ததோ.

யூனிட்டின் பின்மூடியில் நான்கு திருகுகள். திறந்ததும் காந்தம் ஸ்க்ரூ டிரைவரைக் கையிலிருந்து பறிக்கும், கவனம். பழைய காயிலில் மீட்டர் வைத்தேன், ஒன்றும் காட்டவில்லை. சுற்று கருகி அறுந்திருக்கிறது. புதியது 12.4 ஓம் காட்டியது. 16 ஓம் என்று விற்கும் காயிலில் மீட்டர் இப்படிக் குறைத்துத்தான் காட்டும், பயப்பட வேண்டாம். காயில் இறங்குகிற வட்டப் பள்ளம் ரொம்பக் குறுகலாகத்தான் இருக்கும். அதில் கரித்தூளும் இரும்புத் துகளும். ஊதினால் போகாது, காந்தம் விடாது. செல்லோ டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்குமாறு மடித்து, ஒரு விசிட்டிங் கார்டின் விளிம்பில் சுற்றி, பள்ளத்துக்குள் விட்டு வட்டமாக இழுத்தேன். கருப்பாக வந்தது. எட்டு முறை, ஒன்பதாவது முறை டேப் சுத்தமாக வந்தது. அப்புறம் காயிலை வைத்து, நான்கு திருகையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். கடிகாரப் பேட்டரி ஒன்றைத் தொட்டுப் பார்த்தால் 'டிக்'. உராய்வு இல்லாத சுத்தமான டிக். இந்த ஒரு சத்தத்துக்காக அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்ததில் முதுகு போய்விட்டது, ஆனால் இந்த வாரத்தில் எனக்குப் பிடித்த அரை மணி நேரமும் அதுதான்.

வெள்ளிக்கிழமை முழுக்க வயர். தலைமையாசிரியர் அறையிலிருந்து இடது குழாய்க்கு 14 மீட்டர், வலது குழாய்க்கு 32 மீட்டர். பழைய வயரில் ஏழு இடத்தில் முடிச்சுப் போட்டு டேப் சுற்றியிருந்தது, ஒரு முடிச்சைப் பிரித்தால் செம்பு பச்சையாகிக் கையிலேயே பொடிந்தது. ஒட்டுப்போட்டால் மறுபடியும் இதே கதைதான். 40/76 என்கிற அளவு வயர் ஐம்பது மீட்டர் எடுத்துவிட்டேன், மீட்டர் 22 ரூபாய். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதுதான், மனசு வரவில்லைதான், ஆனாலும் சரியென்று வாங்கினேன். பழையதைக் கழற்றுவதற்கு முன்னால் எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டேன். படத்தைப் பார்த்துப் பார்த்து அப்படியே புதியதை மாட்டினேன். எவ்வளவு பொறுப்பான ஆள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை சோதனை. பத்தாம் வகுப்புக்குப் போகிற பையன் ஒருவன் புத்தகக் கட்டுகளை இறக்க உதவிக்கு வந்திருந்தான். அவனை மைதானத்தில் நடக்கவிட்டு, நான் வருகைப் பதிவேட்டை எடுத்து மைக்கில் பெயர்களை வாசித்தேன். கேட்டால் கையைத் தூக்கவேண்டும். வேப்பமரத்தடியில் கை தூக்கினான். சைக்கிள் ஸ்டாண்டு, கை. தண்ணீர்த் தொட்டி, கை. கொடிக்கம்பத்துக்கு நேராக வந்தான், கை தூக்கவில்லை. கொஞ்சம் முன்னே வந்து பார்த்தான், பின்னே போய்ப் பார்த்தான். ஓடிவந்து சொன்னான்:

"சார், நடுவுல நின்னா நீங்க டப்பாக்குள்ள பேசற மாதிரி கீது சார். ரெண்டு அடி தள்ளுனா கேக்குது."

நான் போய் நின்றேன். அவனை வாசிக்கச் சொன்னேன். உண்மைதான். குரல் இருக்கிறது, ஆனால் யாரோ உறிஞ்சிவிட்டதுபோல. ஒரு எட்டு இடது பக்கம் வைத்தால் முழுசாக வருகிறது.

"போன வருஷமும் இங்கதான் சார் நின்னோம்" என்றான். அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். இரண்டு முறை கூப்பிட்டும் வராத பையன்.

மைக்செட் அண்ணனுக்கு மறுபடியும் போன். நான் முழுசாகச் சொல்லி முடிக்கக்கூட இல்லை. "ஒண்ணியும் ஆவல சார். ஒரு கொயாயில மட்டும் வயர மாத்திக் குடு" என்று வைத்துவிட்டார். இடது குழாயில் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போட்டேன். இரண்டு நிமிஷ வேலை, செலவு இல்லை. பையன் கொடிக்கம்பத்தடியில் நின்றுகொண்டு இரண்டு கையையும் தூக்கினான்.

ஒரு குழாய் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால், இரண்டுக்கும் சம தூரத்தில் நிற்கிறவனுக்குச் சத்தம் அடிபட்டுப்போகும். அலைகளின் குறுக்கீடு, பதினோராம் வகுப்பு. எத்தனையோ வருஷமாகக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். எப்போதோ சுண்ணாம்பு அடித்தபோது வயரைக் கழற்றி மாற்றி மாட்டியிருக்கவேண்டும். அதை வால்யூமால் சரிசெய்யப் பார்த்து, ஏற்றி ஏற்றி, ஒரு காயிலையும் எரித்தோம். நான் படமெடுத்து வைத்துக்கொண்டு அதே தப்பை அச்சுப் பிசகாமல் திரும்பவும் மாட்டியிருக்கிறேன்.

இன்னொரு முறை செய்வதானால் இந்த வரிசையில் செய்யமாட்டேன். முதலில் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கேட்பேன், பின்னைத் திறந்து பார்ப்பேன், கடைசியாகத்தான் கடைக்குப் போவேன். வயர் வாங்கும்போது சிவப்பு கருப்பு என்று நிறம் மாறியதாகக் கேட்டு வாங்குவேன். நான் வாங்கியது இரண்டும் ஒரே மஞ்சள், அதனால் ஒரு வயரின் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்திருக்கிறேன். மாடியில் வயர் போகிற இடத்துக்கு பிளாஸ்டிக் பைப் போட்டிருக்கவேண்டும், அணில் கடிக்கும். அதற்குப் பணம் மிஞ்சவில்லை. கணக்கு இது: காயில் 220, கெப்பாசிட்டர் 190, வயர் 1,100, மைக் வயர் 180, பின் இரண்டு 70, ஈயமும் டேப்பும் 85. மிஞ்சிய 155-ல் ஞாயிற்றுக்கிழமை மைக்செட் அண்ணன் வந்து பார்த்தபோது டீயும் வடையும். கூலி வேண்டாம் என்றுவிட்டார். குழாய்க்கு இப்போது போலீஸ் அனுமதி கிடைப்பதில்லை, எல்லா ஊரிலும் பாக்ஸ் ஸ்பீக்கர்தான், என்னிடம் ஒரு டஜன் யூனிட் சும்மா கிடக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இதை முன்பே கேட்டிருந்தால் காயில் 220-ம் மிச்சம்.

திங்கட்கிழமை. தமிழ்த்தாய் வாழ்த்து, கொடி, உறுதிமொழி, குறள், செய்தி. தலைமையாசிரியை மைக்கைப் பிடித்ததும் 'ஊ' என்று ஓர் ஊளை, கூட்டம் சிரித்தது. மைக் ஸ்டாண்டு குழாய்களின் வாய்க்கு முன்னால் நின்றிருக்கிறது. நாலடி பின்னால் தள்ளி, சுவருக்கடியில் வைத்ததும் நின்றது. அப்புறம் வாசித்தார். பிளஸ் டூ-வில் பள்ளி முதலிடம் பெற்ற பெண், தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் தேறி மாதம் 1,500 ரூபாய் வாங்கப்போகும் பெண், கலைத் திருவிழாவில் பறையடித்து மாவட்டம் வரை போன குழு, கணக்கில் இரண்டே மார்க்கில் தப்பித்து இப்போது ஐ.டி.ஐ. சேர்ந்திருக்கும் பையன் (இதையும் வாசிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அவர்தான்). வருவாய்வழித் திறன் தேர்வில் இந்த முறை மூன்று பேர். மூவரும் ஒன்பதாம் வகுப்பு வரிசை, அதே நடு மைதானம். முதல் பெயர் முடிவதற்குள் ஒரு பெண் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள். மற்ற இருவரும் தங்கள் பெயர் வரும் முன்பே செருப்பைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எதிர்வீட்டுத் தாத்தா கேட்டுக்கு வந்தார். பிளஸ் டூ-வில் முதலாவதாக வந்த பெண் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். வால்யூம் இப்போது 4-ல் இருக்கிறது. அந்த இடத்தில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறோம்.